பழைய டிராக்டருக்குப் புதிய பின்டயர்

டிராக்டரைப் பற்றிப் பேசும்போது நாம் அதன் எஞ்சினைப் பற்றியே மிகுதியாகப் பேசுகிறோம். எத்தனை குதிரைத்திறன், எத்தனை கியர், மணிக்கு எத்தனை லிட்டர் டீசல் என்று கேட்கிறோம். ஆனால் எஞ்சின் பிறப்பிக்கும் ஆற்றல் மண்ணைச் சென்று சேர்வதற்குப் பின்சக்கரங்கள் தரையைத் தொடுகின்ற இடமே வழியாக இருக்கிறது. அந்த இடத்தில் பிடிப்பு இல்லையானால், எஞ்சின் எவ்வளவு வலியதாக இருந்தும் பயனில்லை. சக்கரம் சுழலும், டீசல் எரியும், கலப்பை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

பழைய டிராக்டர் ஒன்றை வைத்துப் பிழைக்கும் உழவருக்குப் பெருஞ்செலவு வைப்பவற்றுள் பின்டயர்களும் ஒன்று. தவறானதை வாங்கிவிட்டால் பணம் போவதோடு அந்தத் தொல்லை முடிவதில்லை. வண்டியின் கியரும் அச்சும் கெடலாம், நிலம் இறுகிப்போகலாம், டயரை மாட்டுகிறவர் உயிருக்கே ஊறு நேரலாம். கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர்களுள் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் எண்களைப் படித்துப் பொருள் சொல்லும் பொறுப்பு நாளை உங்களிடம் வரக்கூடும். அதற்கு வேண்டிய கணக்கு பள்ளிக்கூடத்துக் கணக்கே: வட்டத்தின் சுற்றளவு, நூற்றுவீதம், அழுத்தம், உராய்வு. இவற்றைக்கொண்டு ஒரு நல்ல முடிவுக்கு வருவது எங்ஙனம் என்பதையே இங்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு சிறு வரலாறு. தொடக்க காலத்து டிராக்டர்களுக்கு ரப்பர் டயர் கிடையாது. இரும்புச் சக்கரங்களின்மேல் இரும்புப் பற்களைப் பொருத்தி ஓட்டினார்கள். அவை மண்ணைப் பற்றின. ஆனால் சாலையைப் பாழாக்கின, ஓட்டுகிறவரின் உடம்பையும் உலுக்கின. அமெரிக்காவில் அல்லிஸ் சால்மர்ஸ் நிறுவனத்தார் விமானத்துக்கென்று செய்த டயர்களைத் தங்கள் டிராக்டரில் மாட்டி, குறைந்த காற்றழுத்தத்தில் ஓட்டிப் பார்த்தனர். 1932-ஆம் ஆண்டில் ஃபயர்ஸ்டோன் டயர் பொருத்திய டிராக்டர்கள் விற்பனைக்கு வந்தன. மறு ஆண்டில் பார்னி ஓல்டுஃபீல்டு என்ற பந்தய வீரர் அத்தகைய டிராக்டர் ஒன்றை மணிக்கு 64 மைல் வேகத்தில் ஓட்டிக் காட்டினார். உழவுக்கு அவ்வேகம் வேண்டியதில்லை. எனினும் அந்தச் சோதனைகளின் சாரமான உண்மை இன்றும் மாறவில்லை: குறைந்த காற்றோடு அகலமாகப் பதிகின்ற மெத்தென்ற டயர், இரும்புச் சக்கரத்தைவிட நன்றாக இழுக்கிறது.

இனி நம் ஊர் வண்டி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 1960-ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவப்பெற்ற டாஃபே நிறுவனத்தார், மாஸி ஃபெர்குசன் நிறுவனத்தின் தொடர்போடு டிராக்டர்களைச் செய்யத் தொடங்கினர். அவர்கள் செய்த 1035 என்னும் வண்டி தமிழ்நாட்டு உழவர்களுக்கு நன்கு பழகியது. வயதான பின்னும் பல ஊர்களில் அது உழைத்துக்கொண்டிருப்பதை நான் பார்க்கிறேன். அதன் பின்டயரில் 12.4-28 என்று எழுதியிருக்கும். 12.4 என்பது காற்றடைத்த டயரின் அகலம். 28 என்பது ரிம்மின் குறுக்களவு. இரண்டும் அங்குலக் கணக்கு.

இவ்விடத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. முற்காலத்தில் இதே அளவு டயரை 11-28 என்றே குறித்தார்கள். அந்தப் பழைய எண் டயரின் உண்மையான அகலத்தைவிடக் குறைவானது. பின்னர் உண்மையான அகலத்தையே குறிக்கும் முறை வந்தது. மாறுகின்ற காலத்தில் 12.4/11-28 என்று இரண்டையும் சேர்த்தே அச்சிட்டனர். அவ்வாறே 10-28 என்பது 11.2-28 ஆயிற்று; 12-28 என்பது 13.6-28 ஆயிற்று. இதனை அறியாத ஒருவர், பழைய டயரில் 11-28 என்றிருப்பதைக் கண்டு, அதற்கு மிக நெருங்கியது 11.2-28 தானே என்று எண்ணி வாங்கினால், உண்மையில் ஓர் அளவு சிறிய டயரை வாங்கிவிடுவார். எண்கள் நெருங்கியிருக்கின்றன; டயர்களோ வேறு வேறு. ஆகவே பழைய டயரின் எண்ணைக் குறித்துக்கொள்ளும்போது, அது எந்த முறையில் எழுதிய எண் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவதாக மெட்ரிக் முறை ஒன்றும் உண்டு. 320/85 ஆர் 28 என்று எழுதியிருந்தால், அகலம் 320 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 85 விழுக்காடு, அதாவது 272 மில்லிமீட்டர். ரிம் 28 அங்குலம், அதாவது 711 மில்லிமீட்டர். மேலும் கீழும் உள்ள இரு சுவர்களையும் ரிம்மோடு கூட்டினால் டயரின் முழு உயரம் 1255 மில்லிமீட்டர் வருகிறது. இது 12.4-28 டயருக்கு ஈடாக வழங்குவது. 13.6-28 டயருக்கு ஈடானது 340/85 ஆர் 28. அதன் உயரம் அதே கணக்கில் 1289 மில்லிமீட்டர்.

உழவர் ஒருவர் என்னிடம், "ஐயா, பெரிய டயராகப் போட்டால் இழுவை கூடும் என்கிறார்களே, அது மெய்யா?" என்று கேட்டார். பலருக்கும் உள்ள ஐயம் இது. விடை பாதி ஆம், பாதி இல்லை. பெரிய டயர் மண்ணில் அகலமாகப் பதியும்; ஆகையால் பிடிப்புக் கூடும். ஆனால் எஞ்சின் அச்சில் தரும் முறுக்குவிசை மாறவில்லை. சக்கரத்தின் ஆரம் பெருகினால் அதே முறுக்குவிசை தரையில் தரும் இழுவிசை குறையும். 1255-லிருந்து 1289-க்குப் போனால் வேறுபாடு ஏறக்குறைய 2.7 விழுக்காடு, அதனை வண்டி தாங்கிக்கொள்ளும். 14.9-28 டயருக்கு ஈடான 380/85 ஆர் 28-க்குப் போனாலோ உயரம் 1357 மில்லிமீட்டர் ஆகிவிடும். இது 8 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஏற்றம். ஒவ்வொரு கியரிலும் வண்டி அவ்வளவு விரைந்து ஓடும். அந்த அளவுக்கு இழுவிசை குறையும். முன்பு இரண்டாம் கியரில் இழுத்த கலப்பையை முதல் கியரில் இழுக்க நேரலாம். இவ்வளவும் போதாதென்று, பிடிப்புக் கூடிய பெரிய சக்கரம் முன்பிருந்த அதே இழுவிசையைத் தருமாறு ஓட்டினால், அச்சும் கியர்ப் பற்களும் தங்களுக்கென்று வகுத்ததைவிட மிகுந்த முறுக்கைச் சுமக்க வேண்டும். நாற்பதாண்டு உழைத்த வண்டிக்கு அது நன்மையன்று.

ரிம்மும் இடங்கொடுக்க வேண்டும். ஒவ்வொரு டயருக்கும் இன்ன அகலமுள்ள ரிம் என்று செய்தவர்கள் வகுத்திருக்கிறார்கள். குறுகலான ரிம்மில் அகன்ற டயரை மாட்டினால் அதன் அடிப்பக்கம் இறுகி, நடுப்பகுதி முதுகுபோல் எழும்பும். ஓரங்கள் தரையில் நன்கு பதியமாட்டா. காசு கொடுத்து வாங்கிய அகலம் வீணாகும். மட்கார்டில் உராயுமா என்பதையும் அளந்து பார்க்க வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கின்ற வண்டியாயின் இன்னும் எச்சரிக்கை வேண்டும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள சுழற்சி விகிதம் அதில் கியர்களால் கட்டுண்டிருப்பதால், பின்டயரின் அளவை மட்டும் மாற்றுதல் கூடாது. ஆகவே பழைய வண்டிக்கு அதன் கைப்புத்தகம் சொல்லும் அளவே தக்கது என்பது என் முடிவு.

டயர் வாங்கும்போது இரண்டாக வாங்குவது நலம். ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் தேய்ந்ததுமாக இருந்தால் இரு சக்கரங்களின் சுற்றளவும் வேறாகும். வண்டி திரும்பும்போது மட்டும் மிகுதியாக உழைக்கவேண்டிய டிஃபரன்ஷியல் பற்கள், அப்போது நேர்சாலையிலும் ஓயாமல் உழைத்துத் தேயும். கையில் பணம் ஒரு டயருக்குத்தான் இருக்கிறது என்றால், மறுபக்கத்து டயரின் தேய்வுக்கு ஒத்த, நல்ல நிலையிலுள்ள பழைய டயர் ஒன்றைத் தேடி மாட்டிப் பொறுத்திருப்பது மேல்.

அளவு முடிந்தது. அடுத்துப் பார்க்கவேண்டியது டயரின் மேலே உயர்ந்து நிற்கும் ரப்பர் வரம்புகள். பட்டறைகளில் இவற்றைப் பட்டன் என்பார்கள். டயரின் சுவரில் ஆர்-1 என்றிருந்தால் அது பொதுவான உழவுக்குரியது. ஆர்-2 என்பது சேற்று நிலத்துக்கும் கரும்புக் கொல்லைக்கும் உரியது. அதன் வரம்புகள் ஆர்-1 டயரின் வரம்புகளைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு உயரமானவை. ஆர்-3 என்பது தாழ்ந்த வரம்புள்ளது. புல்தரைக்கும் மணலுக்கும் ஏற்றது. ஆர்-4 என்பது மண்வாரும் யந்திரம் போன்ற தொழில் வண்டிகளுக்குரியது.

நம் நாட்டில் நெல் விளையும் இடங்கள் மிகுதி. அதனால் உயர்ந்த வரம்புள்ள ஆர்-2 டயரையே எல்லாரும் வாங்க வேண்டுமோ என்று தோன்றலாம். ஆனால் நடப்பைப் பாருங்கள். காவிரிப் படுகையிலும் பிற நன்செய்ப் பகுதிகளிலும் தொளி உழவுக்குக் 'கேஜ் வீல்' எனப்படும் இரும்புக் கூண்டுச் சக்கரத்தை மாட்டிக்கொண்டே வண்டியை இறக்குகிறார்கள். சேற்றில் பிடிப்புத் தரும் வேலையில் பெரும்பகுதியை அந்தக் கூண்டே செய்துவிடுகிறது. அதே வண்டி மற்ற நாட்களில் டிரெய்லரில் நெல் மூட்டையும் எருவும் ஏற்றிக்கொண்டு தார்ச்சாலையில் ஓடுகிறது. உயர்ந்த வரம்புகள் சாலையில் வளைந்து நெளிந்து விரைவில் தேயும், வண்டியும் அதிரும். ஆகவே கூண்டுச் சக்கரம் வைத்திருப்பவருக்கு ஆர்-1 டயரே சிக்கனமானது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலிலும் தருமபுரிப் பக்கத்துச் செம்மண்ணிலும் புழுதி உழவு உழுபவருக்கும் அதுவே பொருந்தும். சாலை ஓட்டமே இல்லாமல், கூண்டும் மாட்டாமல், ஆண்டு முழுவதும் ஈர நிலத்திலேயே உழைக்கும் வண்டிக்குத்தான் ஆர்-2 தன் விலைக்கு வேலை தரும். கடைக்குப் போகுமுன், போன ஆண்டில் வண்டி எத்தனை நாள் சேற்றில், எத்தனை நாள் புழுதியில், எத்தனை நாள் சாலையில் ஓடிற்று என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தத் தாளே சரியான டயரைச் சொல்லிவிடும்.

வலிமையைக் குறிப்பது 'பிளை' எண். முற்காலத்தில் டயருக்குள் பருத்தி நூல் அடுக்குகளை வைத்தார்கள். எட்டு அடுக்கு என்றால் எட்டு அடுக்கே இருக்கும். இன்று வலிமை மிகுந்த செயற்கை இழைகள் வந்துவிட்டன. ஆகையால் 12 பி.ஆர். என்றால் உள்ளே பன்னிரண்டு அடுக்கு இருக்கிறது என்று பொருளன்று. பழைய பருத்தி அடுக்குக் கணக்கில் அவ்வளவு வலிமை என்பது பொருள். எண் உயர உயர டயர் மிகுந்த காற்றையும் சுமையையும் தாங்கும். அதே வேளையில் பக்கச்சுவர் விறைப்பாகவும் இருக்கும். பாரம் இழுப்பவருக்கு விறைப்பு வேண்டும். வெறும் உழவுக்கு அளவுக்கு மீறிய விறைப்பு வேண்டியதில்லை.

இழைகள் குறுக்காகப் பின்னியிருப்பது சாதாரண டயர். அவை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடுவது ரேடியல் டயர். ரேடியலின் சுவர் நன்கு வளைந்து கொடுப்பதால் அதன் பதிவு நீளமாகும், நழுவலும் குறையும், விலையோ மிகுதி. ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியலும் மறுபக்கம் சாதாரணமுமாக மாட்டலாகாது. சிறிய பழைய வண்டிக்கு, நாள்தோறும் நெடுநேரம் உழவு இருந்தாலன்றி, ரேடியலின் மிகை விலை திரும்பி வருவது அரிது என்பது என் கருத்து. உள்ளுடல் நல்ல நிலையில் இருந்தால் ரீட்ரெட் செய்த டயரும் இழிவானதன்று. ஆனால் பக்கச்சுவரில் வெடிப்போ, உட்புறத்தில் அறுந்த இழையோ இருந்தால் அதன்மேல் புது ரப்பரை ஒட்டுவதில் பயனில்லை.

புதிய டயராயினும் அது என்று செய்தது என்று பார்த்து வாங்க வேண்டும். சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் வெயிலாலும் காற்றிலுள்ள ஓசோனாலும் வெடித்து முதுமை அடையும். நெடுநாள் வாசலில் வெயில் காய்ந்த டயரைப் புதிது என்ற விலைக்கு வாங்க வேண்டுவதில்லை.

மாட்டும்போது திசையைக் கவனிக்க வேண்டும். வண்டியின் பின்னால் நின்று பார்த்தால் ரப்பர் வரம்புகள் கூரையின் முகடுபோல் மேல்நோக்கிக் கூடியிருக்க வேண்டும். அப்போதுதான் சக்கரம் முன்னே உருளுகையில் அந்தக் கூர்முனை முதலில் தரையைத் தொட்டு, சேற்றை இரு பக்கமும் ஒதுக்கித் தள்ளும். தலைகீழாக மாட்டினால் சேறு நடுவே சிக்கித் திரண்டு, டயர் வழவழப்பான உருளைபோல் ஆகிவிடும். வரிசைப் பயிருக்காகச் சக்கர இடைவெளியை மாற்ற டிஸ்க்கைத் திருப்பிப் போடும்போதும், இடச் சக்கரத்தை வலப்பக்கத்துக்கும் வலச் சக்கரத்தை இடப்பக்கத்துக்கும் மாற்றினால்தான் இந்தத் திசை சரியாக இருக்கும்.

டயரை ரிம்மில் ஏற்றுதல் விளையாட்டு வேலையன்று. ஓரக் கம்பி வளையம் ரிம்மில் அமரும்வரை காற்றை ஏற்றிக்கொண்டே போனால், அது அறுந்து டயர் வெடிக்கக்கூடும். இதனால் உயிரிழந்தோர் உண்டு. வளையத்தை அமர்த்துவதற்காக 35 பவுண்டுக்கு மேல் காற்றடைக்கலாகாது என்று பல டயர்களின் சுவரிலேயே எச்சரித்திருக்கிறார்கள். வளையம் அமரவில்லையானால் காற்றை இறக்கி, வழுக்கும் கரைசலைத் தடவி, மீண்டும் முயல வேண்டும். காற்றேறும் டயரின் முன் குனிந்து நிற்பதும், டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் வெல்டிங் வைப்பதும் கூடவே கூடாதவை. ரிம்மில் துரு அரித்திருந்தால் அதனைச் சுரண்டிப் பார்த்த பிறகே புது டயரை ஏற்ற வேண்டும்.

இனிக் காற்றும் எடையும். மென்மையான மண்ணின் மேற்பரப்பில் டயர் தரும் அழுத்தம், டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தை ஒட்டியே இருக்கிறது. சுவரின் விறைப்பால் சற்றுக் கூடும். உழவின்போது சதுர அங்குலத்துக்கு 12 முதல் 14 பவுண்டு வரை என்பது இத்தகைய வண்டிகளுக்குப் பொதுவான அளவு. அதனை இரு மடங்காக ஏற்றி உழுதால் டயரின் பதிவு சுருங்கும், மண் இறுகும், வேர் இறங்க இடர்ப்படும். சாலையில் பாரம் இழுக்கும்போதோ காற்றுக் குறைவாக இருத்தல் ஆகாது. சுவர் மடங்கிச் சூடேறி வெடிப்பு விடும். அந்தந்த வேலைக்கு உரிய அளவைக் கைப்புத்தகத்தில் பார்த்து, சிறிய அழுத்தத்தைச் சரியாகக் காட்டும் அளவுகோலால் அளந்து ஏற்றியிறக்க வேண்டும்.

டயருக்குள் தண்ணீர் நிரப்பி எடை கூட்டும் வழக்கமும் உண்டு. வால்வை மேலே வைத்து, முக்கால் பங்குவரை நிரப்புவது முறை. 12.4-28 டயர் ஒன்றில் ஏறக்குறைய 150 லிட்டர் கொள்ளும். அதாவது சக்கரம் ஒன்றுக்கு 150 கிலோகிராம். புழுதி உழவில் இது பிடிப்பைக் கூட்டும். சேற்றில் இதே எடை வண்டியை ஆழத்தில் இறக்கிவிடும்.

எடையும் காற்றும் டயரும் சரியாக இருக்கின்றனவா என்று அறிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. பின்டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிவைத்துக்கொண்டு சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்றும் வரை அந்த நிலத்தில் ஓட்டச் சொல்லி, தூரத்தை அளந்துகொள்ளுங்கள். அது 38 மீட்டர் என்று கொள்வோம். பின்னர்க் கலப்பையை இறக்கி உழுதுகொண்டே பத்துச் சுற்று ஓட்டி அளந்தால் 33 மீட்டர் வருகிறது என்று கொள்வோம். குறைந்தது 5 மீட்டர்; அது 38-இல் சுமார் 13 விழுக்காடு. இதுவே நழுவல். 8 முதல் 15 விழுக்காடு வரை நழுவல் இருப்பது நல்ல நிலை. அதற்கு மேலானால் டீசலும் ரப்பரும் வீணாகின்றன. மிகக் குறைந்தால் வண்டி வேண்டாத எடையைச் சுமக்கிறது, கியருக்கும் கேடு. காற்றையும் எடையையும் சரிசெய்த பின்னும் நழுவல் 15-க்கு மேலேயே நிற்குமானால், அப்போதுதான் டயரை மாற்றும் காலம் வந்தது என்று கொள்ள வேண்டும். வரம்பு தேய்ந்து தோன்றுகிறது என்ற ஒன்றை மட்டும் கண்டு மாற்றிவிட வேண்டுவதில்லை. உலர்ந்த கெட்டித் தரையில் பாதி தேய்ந்த டயரும் நன்றாகவே இழுக்கும்.

நான் சொன்னவற்றுள் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. ஒரு நாடா, ஒரு சுண்ணாம்புக் கட்டி, ஒரு காற்றளவி, வண்டியின் கைப்புத்தகம் ஆகிய நான்கும் போதும். பெரிய டயர் கம்பீரமாகத் தோன்றும். உயர்ந்த வரம்பு கண்ணைக் கவரும். ஆனால் நிலமும் வேலையும் வண்டியின் வயதும் சேர்ந்து கேட்பது எதுவோ, அதுவே நல்ல டயர். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பழைய டிராக்டர் ஒன்று இருக்குமானால், வருகிற விடுமுறையில் அதன் பக்கச்சுவரைத் துடைத்து எண்களைப் படியுங்கள். உழவு நடக்கும் நாளில் நழுவலை அளந்து பாருங்கள். நீங்கள் கற்ற கணக்கு ஒரு குடும்பத்தின் பணத்தைக் காக்கும். அதன் நிலத்தையும் காக்கும்.